விரிசல் இல்லை, வளைவு இல்லை

வியாழன் காலை ஏழரைக்குத் தேர்வு.
வடக்கு டகோட்டாவில் மைனஸ் இருபத்தொன்று.
லாரி வெளியே விறைத்துக் கிடக்க
மார்லிஸ் சமையலறையைத் தொட்டுத் தொட்டுச் சொல்கிறாள்,
தேர்வில் சொல்ல வேண்டிய அதே வரிசையில்:
ஃபிரிட்ஜ் கீல். விரிசல் இல்லை, வளைவு இல்லை, உடைசல் இல்லை.
குழாய். இறுக்கமாக இருக்கிறது, ஒழுகல்…
ஒழுகுகிறது. போன மார்ச்சிலிருந்தே.

இரவு ஷிப்ட் முடிந்து வந்த வெர்ன்
பூட்ஸைக் கழற்றுமுன் அவன் முழங்காலில் அவள் விரல்:
"இணைப்பு. தேய்மானம் உண்டு."
"வண்டியை ஓரங்கட்டிடுவாங்களா?"
"ஓட்டலாம். இறக்கத்துல மட்டும் பார்த்து."

போன முறை தோற்றது
கூம்புகளுக்கிடையே பின்னால் எடுத்ததில் அல்ல;
அதில் ஒன்றைக்கூட உரசவில்லை.
ஏர் பிரேக்.
எஞ்சினை அணைத்து, மிதித்து, ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும்.
முள் நான்கு பவுண்டுக்கு மேல் இறங்கக் கூடாது.
முள் அசையவேயில்லை.
பக்கத்தில் அந்த ஆள் பேசாமல் உட்கார்ந்திருந்தது தாங்காமல்
நாற்பதாவது நொடியில்
"நல்ல குளிர், இல்லையா" என்று காலை எடுத்துவிட்டாள்.

இப்போது மேஜைக்கடியில்
தரையை மிதித்திருக்கிறாள்.
எதிரே வெர்ன், கையில் கடிகாரம்,
வாயைத் திறக்கக் கூடாதென்று உத்தரவு.
இருபது. முப்பத்தைந்து.
அவன் மீசையில் பனி உருகுகிறது.
நாற்பது.
சிரிப்பு முட்டுகிறது இருவருக்கும்.
கால் இறங்கியபடியே இருக்கிறது.

குழாய் சொட்டுகிறது.
அதற்கு மதிப்பெண் கிடையாது.