முப்பத்தேழு பாவாடைகள்

பெட்டியைத் திறந்தபோது
ஆயிரத்து இருநூறில் முப்பத்தேழு பாவாடைகள்
அடியில் சுருண்டு கிடந்தனவாம்.
படத்தோடு வந்தது கடிதம்.
ஹாங்கர்கள் வரிசை கலையாமல் தொங்கின.
வாயைத் திறக்காமலேயே
கைவிட்டிருந்தன.

"ஸ்பிரிங்கை முறுக்குங்க" என்றார் திருமூர்த்தி.
முதலாளிகளுக்கு முறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும்.
முறுக்கினேன்.
விஸ்கோஸ் இடுப்பில் இரண்டு பல்தடம்,
இஸ்திரிக்கும் போகாத தடம்,
நாய் கவ்வி இறக்கிவைத்த கோழிக்குஞ்சு மாதிரி.

ரப்பர் ஒட்டினேன்.
தகரக் கூரையின் சூட்டில் இளகி
வெள்ளைத் துணியில் கறுப்பாய் ஒரு முத்தம் வைத்தது.
பல் வெட்டினேன். நூலை இழுத்தது.
உப்புத்தாள்கூட ஒட்டினேன், அதை யாரிடமும் சொல்லவில்லை.

பதினைந்து வேலம்பாளையம், மோல்டிங் பட்டறை, மேல்மாடி.
ஆணியில் ஒரு மீன்காரர் தராசு.
கொக்கியில் ஹாங்கர், ஹாங்கரின் வாயில் துணி.
கீழே இழுக்க இழுக்க முள் ஏறும்,
நழுவுகிற கணத்தில் எண்ணைப் பிடித்துவிட வேண்டும்.
அறுநூறு கிராம். எழுநூற்றிப் பத்து. நானூறு.
மூன்று மாதமாக நோட்டில் இதுதான்.

கீழே மயிலாத்தாள் ஸ்பிரிங் ஏற்றுகிறவர்.
ஏற்றி, ஒருதரம் திறந்து பார்த்து, கூடையில் போடுவார்.
ஷிப்டுக்கு நாலாயிரம் வாய்.
முறுக்கிய ஸ்பிரிங் வந்த வாரம்
கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.
"என்னாச்சுங்க?"
"ஒண்ணுமில்லீங் அம்மிணி, கிளிப்பு சித்தெ கெட்டி."

சித்தெ.
என் தராசில் அந்த எடைக்குக் கோடு இல்லை.

ஆடி பிறந்தது.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்த காற்று
ஊர் மாடிகளில் எல்லாம் கைவைத்துப் பார்த்தது.
எதிர் லைன் வீட்டில் ஒடிசாப் பையன்கள்.
அவர்கள் கொடியில் கிளிப்பே கிடையாது;
இரண்டு நைலான் கயிறு, ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியது.
முறுக்கின் சந்தில் லுங்கி முனையைச் செருகிவிட்டு
பீடி பற்றவைத்தபடி இறங்கிப் போனான் பிஜய்.
லுங்கி துள்ளியது, மல்லாந்தது, கிடைமட்டமாகப் பறந்தது.
இரண்டு கிளிப் மாட்டிய என் துப்பட்டா
அடுத்த தெருப் புங்கமரத்தில்.
லுங்கி அங்கேயே இருந்தது.

அதை யாரும் நசுக்கவில்லை.
மேலே, கீழே, மறுபடி மேலே என
சுற்றிப் போகச் சொல்லியிருந்தது கயிறு.
சுற்றுவழியில் துணிக்கு அவசரம் தீர்ந்துவிடுகிறது.

அன்று ராத்திரி வரைந்தேன்.
மேலுதட்டில் ஒரு மேடு, கீழுதட்டில் அதற்கொரு பள்ளம்,
கம்பளிப்பூச்சி நடக்கையில் முதுகு எழுமே, அவ்வளவு.
ஸ்பிரிங் பழையதைவிட இளசு.
அச்சு வெட்ட கணபதியில் நாலு நாள் காத்துக் கிடந்தேன்.
முதல் பீஸ் சூட்டோடு உள்ளங்கையில் விழுந்தது.

தொள்ளாயிரத்து எண்பது.

முள்ளை மட்டும் நம்ப மனசில்லை.
ஆம்னி வேனுக்குள் குறுக்கே கம்பி கட்டி
நாற்பது பாவாடைகளோடு தாராபுரம் வரை போனோம்.
வேகத்தடைகளில் திருமூர்த்தி பிரேக்கைத் தொடவே இல்லை.
நோம்பிக்குக் கிளம்பிய சொந்தக்காரர்கள் போல
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன.
திரும்பி வந்து எண்ணினால் முப்பத்தொன்பது.
ஒன்று சீட்டுக்கடியில்.
"நீங்க கோணலா மாட்டியிருப்பீங்க" என்றார்.
இருக்கலாம்.
நோட்டில் எழுதினேன்: ஒன்று.

மறுநாள் மயிலாத்தாள்
புதுக் கிளிப்பை அமுக்கினார். விட்டார். இன்னொருதரம்.
நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"வெள்ளையில பண்ணீட்டீங்களே, அழுக்குத் தெரியுமுங்."
பிறகு விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து
அந்தக் கிளிப்பின் வாயில் கொடுத்து
மேசை ஓரத்தில் தொங்கவிட்டு
அடுத்ததை எடுத்தார்.