மனசு கேட்கவில்லை

பார்க்க மட்டும்தான் போகிறேன் என்று
வீட்டில் சொல்லியிருந்தேன்.
கைப்பையில்
துணி சுற்றிய காந்தம், டார்ச், பழைய கையுறை,
நேற்றே உடைத்த வைப்புநிதியின் ரசீது.

கம்மனஹள்ளியில் ஓர் அடித்தளப் பார்க்கிங்.
இரண்டு ஸ்கூட்டருக்கும்
யாரோ கைவிட்ட ட்ரெட்மில்லுக்கும் நடுவே
வெள்ளைப் புந்தோ, பதினாறாம் வருட மாடல்,
மூக்கில் தேள்.
இதன் படத்தை அலுவலகக் கழிப்பறையில்
எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டினால்
கத்த முடியாது.
"டயரெல்லாம் தேய்ஞ்சிருக்கே" என்றேன்.

முனவ்வர் சிவாஜிநகரிலிருந்து வந்திருந்தான்,
அரைநாள் கூலிக்கும் ஒரு பிரியாணிக்கும்.
கதவு கதவாகக் காந்தத்தை ஒட்டி ஒட்டி எடுத்தான்.
இடது பின்சக்கரத்துக்கு மேலே மட்டும்
அது நிற்காமல் வழுக்கியது.
"தூண் உரசினது" என்றார் பெல்லியப்பா.
"என் மனைவி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.
வண்டியைச் சுற்றி வந்து நின்றபோது
"நான்தான்" என்றார்.

அப்புறம் பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
ஸ்டார்ட் பண்ணாம வையுங்க என்று
போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.
"மனசு கேட்கலை. ஹென்னூர் வரைக்கும் ஒரு சுற்று"
என்றார் தேளைப் பார்த்தபடி.
என் காதருகே முனவ்வர்:
"விட்டுடுங்க மேடம்."

விட்டிருக்க வேண்டும்.
அவர் சாவியை நீட்டிவிட்டார்.

ரிங் ரோடு ஏறும்வரை
ஒவ்வொரு பள்ளமும் என் முதுகெலும்பில்
கையெழுத்துப் போட்டது.
ஸ்டீயரிங் கனம்,
கிளட்ச் அதைவிட.
பிறகு ஒரு தண்ணீர் லாரி ஒதுங்க,
முந்நூறு மீட்டர் வெறும் சாலை,
பெங்களூரில், பகல் பதினொன்றரைக்கு.
மூன்றாம் கியர்.
முதலில் ஒன்றுமில்லை, யோசிக்கிறது.
முள் மூவாயிரத்தைத் தொட
முதுகுக்குப் பின்னாலிருந்து
யாரோ கைவைத்துத் தள்ளினார்கள்.

நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன்.
பின்சீட்டில் முனவ்வர்
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான்,
நாகரிகமானவன்.

ஆனாலும் மறுநாள் காலை ஆறு மணிக்கு
சொல்லாமல் போய் நின்றேன்.
பெல்லியப்பா வாயில் பிரஷ்ஷோடு இறங்கி வந்தார்.
எதற்கு என்று கேட்கவில்லை.
சாவியைத் திருப்பினார்.
டிக் டிக் டிக் டிக்,
காஸ் தீர்ந்த அடுப்பில்
விடாமல் லைட்டர் தட்டுகிற சத்தம்.
ஒரு நிமிடம் இருக்கும்.
இரும்பு சூடாகி
தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ள
எஞ்சின் நல்ல பிள்ளையானது.

எக்ஸாஸ்ட் மானிஃபோல்ட். முப்பதாயிரம், கிடைத்தால்.
அவருக்குத் தெரியும்.
எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரியும்.
ஒரு தேள், இரண்டு திருடர்கள்.
"இருபத்தஞ்சு குறைங்க."
நுரையைத் துப்பிவிட்டு வந்து
"இருபது" என்றார்.
ஆர்.சி.யைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்:
"ஓட்டி முடிச்சதும் உடனே அணைக்காதீங்க,
டர்போ கொஞ்சம் மூச்சு விடட்டும்."

எட்டு மாதம் ஆகிறது.
சில்க் போர்டு நெரிசலில்
நூற்று நாற்பத்தைந்து குதிரைகளை
முதல் கியரில் கட்டிப்போட்டு
முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகில்
நகைக்கடை விளம்பரம் படிக்கிறேன்.
மானிஃபோல்ட் இன்னும் மாற்றவில்லை.
பாகம் புனேயில் இருக்கிறது என்பான் முனவ்வர்,
போன மாதம் கோவையில் இருந்தது.
காலையில் பக்கத்து ஃப்ளாட்காரர்
டிக் டிக் கேட்டுத்தான் பால் பாக்கெட் எடுக்கிறார்.

என்றைக்காவது நானும் இதை விற்பேன்.
பதினோரு மணிக்கு வருகிறேன் என்பாள் ஒருத்தி,
கைப்பையில் காந்தத்தோடு.
ஸ்டார்ட் பண்ணாம வையுங்க என்பாள்.
சரி என்பேன்.
பத்தரை இருக்கும்,
மனசு கேட்காது.