பதினோரு மணிக்குள்

ஜனவரி முப்பத்தொன்று, இரவு எட்டு.
வடகடலிலிருந்து வரும் ஆலங்கட்டி
கணக்குப் பிரிவின் தகரக் கூரையில்
சில்லறையாய்க் கொட்டுகிறது.
இந்தக் கிளப்பில் இன்றைக்கு
காதால் கேட்கக் கிடைத்த காசு அதுதான்.

ஸ்லோவேனியாவிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான்.
ஜிகா ஹ்ரிபார், இருபத்திரண்டு, இடதுகால்.
மருத்துவப் பரிசோதனை முடிந்து
படிக்கட்டில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்கிறான்.
அவன் வாரச் சம்பளத்தைப் படிவத்தில் நான் நிரப்ப வேண்டும்.
யாரைக் கேட்பது?

பயிற்சியாளர் கார்மக் சொன்னார்:
"ஆள் வேண்டும் என்றேன், அவ்வளவுதான்.
விலை நான் பேசினால்
என் நாற்காலிக்கும் விலை பேசிவிடுவார்கள்."

ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் இயக்குநர் தெரோன்
இரண்டு கைபேசிகளையும் கவிழ்த்து வைத்தார்.
"எண் மேலிருந்து வரும், ஜனைன்."

மேலே தலைவர் அறை.
மிஸ்டர் பிளென்கின்சாப், உறைந்த மீன் விற்றுப் பெரிய ஆளானவர்,
கையை விரித்தார்.
"என் பங்கு இப்போது ஒன்பது சதவீதம்.
அதற்கு என்ன கிடைக்குமோ அது எனக்குக் கிடைக்கிறது:
மதிய விருந்தில் முன்வரிசை, இரண்டு உருளைக்கிழங்கு."

மீதித் தொண்ணூற்றொன்று
லக்ஸம்பர்க்கில் ஒரு தபால்பெட்டிக்குள் இருக்கிறது.
அங்கிருந்து ஒருத்தி பேசுவாள். குரல் மாறாது,
பெயர் மட்டும் மாதத்துக்கு ஒன்று.
"கடன் கொடுத்தவர்கள் அனுமதிக்கும் வரம்புக்குள்
எல்லாம் உங்கள் விருப்பம்."
கடன் கொடுத்தவர்கள் யார் என்றேன்.
"அது எங்களுக்கும் மேலே."

மேலுக்கு மேல், அதற்கும் மேல்.
எங்கள் ஊரில் அவ்வளவு உயரமாக நிற்பது
கலங்கரை விளக்கம் ஒன்றுதான்.
அதையும் அணைத்து ஆறு வருடம் ஆகிறது.

பத்து மணிக்குப் பையனின் முகவர்
சாக்லேட் காகிதத்தின் பின்பக்கம் எழுதி நீட்டினார்:
எட்டாயிரத்து ஐந்நூறு பவுண்டு.
யாரும் சரி என்று சொல்லவில்லை.
முடியாது என்று சொல்லவும் யாரும் இல்லை.
தட்டச்சு செய்தேன்.

பத்து முப்பத்தெட்டு. தெரோன் கையெழுத்திட்டார்.
பிளென்கின்சாப் கையெழுத்திட்டார், என் பேனாவில்.
லக்ஸம்பர்க்கிலிருந்து பச்சை டிக் வந்து விழுந்தது.
அனுப்பும் பொத்தான்மேல் விரல் வைத்தபோதுதான் பார்த்தேன்.
எண்பத்தைந்தாயிரம்.

மூன்று பேர் பார்த்து ஒப்புக்கொண்ட
என் விரலின் சுழியம்.

உடுப்பு வெளுக்கும் பெர்னிஸ்
போன மாதம் நாற்பத்திரண்டு பவுண்டு ஓவர்டைம் கேட்டாள்.
நான்கு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி,
"வழக்கத்தைவிடச் சேறு அதிகமானது ஏன்?"
மழை என்று எழுதினாள்.
ஆதாரம் இணைக்கவும் என்று திரும்பி வந்தது.

இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.
யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.
வடக்கு மேடையில் தொண்டை கிழியக் கத்துவார்களே,
"யார்றா அங்க முடிவெடுக்கிறது" என்று,
இதோ, ஹீட்டர்மேல் ஈரக் காலுறையைக் காயப்போட்டுவிட்டு
வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும்
ஜனைன் ஓல்ட்ராய்ட்.
அந்த இருபது நிமிடத்தில் ஏழு நிமிடம்
கிளப் என்னுடையதாக இருந்தது.

பிறகு அழித்தேன்.
ஒரு தட்டு. வருடத்துக்கு
கிட்டத்தட்ட நாற்பது லட்சம் பவுண்டு மிச்சம்.
மறுபடி மூவரிடமும் ஒப்புதல் வாங்கினேன்.
எதற்கு இரண்டாம் முறை என்று
ஒருவர்கூடக் கேட்கவில்லை.
பத்து ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.
பையன் வாழைப்பழத் தோலை எங்கே போடுவது என்று கேட்டான்.

விளக்கணைக்கும் முன்
பெர்னிஸின் படிவத்தை எடுத்து
டிசம்பர் மாத வானிலை அறிக்கையை, முப்பத்தொரு பக்கம்,
பின் அடித்து வைத்தேன்.

சனிக்கிழமை எழுபத்தோராம் நிமிடம் ஜிகா இறங்கினான்.
முதல் பந்தைக் கார் நிறுத்துமிடத்துக்கு அடித்தான்.
எனக்கு முன்னால் ஒருவர் எழுந்து
"இவனுக்குக் காசு கொடுக்கச் சொன்னது யார்?" என்று
சுற்றுமுற்றும் பார்த்தார்.
என்னையும் பார்த்தார்.

நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
இறுகிப் போயிருந்தது.