ஜோங்

எனக்கு முன் இந்த அறையில் இருந்தவள்
எல்லாவற்றின் மேலும் மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்.
நாற்காலி முதுகில் "யீ-ட்ஸ".
குளிர்பெட்டிக்கு "பிங் ஷியாங்".
விளக்கு சுவிட்சில் இரண்டே எழுத்து:
திற, மூடு.
இந்த மொழியோடு ஒத்துப்போய்விடலாம் என்று தோன்றியது.

மங்கோலியாக்காரி, என்றார் வீட்டுக்காரர்.
பெயர் நினைவில்லை. வாடகை பாக்கி இல்லை.

ஹார்பினில் அக்டோபரிலேயே ஜன்னல் இடுக்கை அடைத்துவிடுகிறார்கள்.
பல் துலக்கிக்கொண்டே
வீட்டைச் சுற்றிச் சுற்றி வாசிப்பேன், வாயில் நுரையோடு.
கோப்பைக்கும் கனத்த போர்வைக்கும் ஒரே சத்தம்.
குரல் நேராகப் போனால் கோப்பை,
இறங்கினால் போர்வை.
கடையில் இறங்க மறந்து
ஆறு கோப்பையோடு திரும்பினேன்.
அன்றிரவு கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

கட்டிலுக்கு எதிரே வெறும் சுவர்.
அதிலும் ஒரு சீட்டு: "ஜோங்".
சீட்டுக்கு மேலே ஆணித் துளை.
சுவர் என்றால் ஜோங். இதில் என்ன சந்தேகம்?

ஜனவரியில் ஜோங் வியர்த்தது.
பெய்ராவிலும் சுவர் வியர்க்கும், கடற்கரை ஊர்.
இங்கே கடல் எங்கே இருக்கிறது?
மூலையில் கறுப்பாகப் பூஞ்சை.
குழாய் பார்க்கிற லுவானைக் கூப்பிட்டேன், என் வயதுதான் இருக்கும்.
நாலு நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம்:
"என் ஜோங் நனைந்திருக்கிறது."
அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
இரண்டு நாற்பது, என்றான்.
"இல்லை, என் ஜோங். பெரியது.
பஸ் போனால் அதிர்கிறது. காதை வைத்தால் சில்லென்று."

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்,
தொப்பி கண்ணை மறைக்கும்வரை.
பிறகு சீட்டைப் பார்த்தான்.
துளையைப் பார்த்தான்.
துளைக்குக் கீழே விரலால் ஒரு வட்டம், சாப்பாட்டுத் தட்டு அளவு.
ட்டிக், ட்டிக், என்றான் மெதுவாக.

வட்டத்துக்குள் மட்டும் பெயின்ட் மங்காமல் இருந்தது.
நாலு மாதம் அதைத்தான்
படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு வேறு சொல்: "ச்சியாங்".
குரல் மாடிப்படி ஏற வேண்டும்.
புதுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினேன்.
பழையதைக் கிழிக்கவில்லை, பசை இன்னும் நன்றாகப் பிடித்திருக்கிறது.
பூஞ்சைக்கு ஏதோ மருந்து எழுதிக் கொடுத்தான் லுவான்.
வாசிக்கத் தெரியவில்லை.

இப்போதும்
யாராவது மணி கேட்டால்
சுவரைத் திரும்பிப் பார்க்கிறேன்.