கொழும்பு ஐந்து

அறிக்கை வந்து சேர முப்பத்திநாலு வருஷமும்
ஆறு கிழமையும் எடுத்தது.
டெல்ஃபின் மச்சாடோ:
பெயரில் எழுத்துப்பிழை இல்லை.
பொரளையில், மின்விசிறிக்குக் கீழே,
தாள் பறக்காமல் ஸ்டெதஸ்கோப்பைப் பாரம் வைத்துவிட்டு
டொக்டர் ஷிஃபானா சொன்னார்:
ஐந்தாம் நிறமூர்த்தம், குறும்புயம்.
அதற்கும் குறும்புயமா என்றேன்.
சிரிக்கலாமா என்று யோசித்துச் சிரித்தார்.

வளர்ச்சி ஓமோன் உங்களிடம் குறைவில்லை,
மற்றவர்களைவிட அதிகம்.
அதைப் பிடிக்கிற வாங்கிதான் சரியில்லை.
வாங்கியை எழுதும் பரம்பரையலகில்
ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது.

எழுத்து மாறுவது எனக்குப் புதிதல்ல.
மருதானைத் தபால் பரிமாற்றகத்தில்
பதினொரு வருஷம், உயரமான ஸ்டூலில்.
கொட்டாஞ்சேனை பதின்மூன்று, மட்டக்குளி பதினைந்து,
ஹவ்லொக் டவுன் ஐந்து.
ஐந்தை அவசரத்தில் ஆறாக்கிவிடுவார்கள்;
கடிதம் வெள்ளவத்தை முழுக்கச் சுற்றிவிட்டு
சிவப்பு மையோடு என் மேசைக்கே திரும்பும்.

ஆக, வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.
ஒவ்வொரு இரவும், நான் தூங்கிய பிறகு,
தொடையெலும்பின் நுனிவரை
பை நிறையத் தபால்.
வீட்டில் ஆள் இருந்தது.
கதவில்தான் வாய் வெட்டியிருக்கவில்லை.

ஒன்பது வயதில், இரண்டு வருஷம் ஊசி.
அதே ஓமோன். குளிர்பெட்டியில், முட்டைத் தட்டில்.
அம்மாவின் ஆறு காப்பும்
ஒவ்வொன்றாகச் செட்டியார் தெருவில் இறங்கின.
மொத்தம் ஒன்றரை அங்குலம்.
வாயில்லாத கதவுக்கு
இன்னும் இரண்டு தபால்காரரை அனுப்பியிருக்கிறோம்.

இதெல்லாம் இவள் அப்பா பக்கம் என்று
டொக்டரிடமும் சொன்னாள் அம்மா.
இல்லை, பிழை இரண்டு பிரதியிலும் வேண்டும்,
ஒன்று உங்களுடையது.
மாமன் மகளை முடித்தவர் அப்பா.
அம்மா கைப்பையின் ஸிப்பை
மூடினாள், திறந்தாள், மூடினாள்.

மருந்து?
எலும்பின் நுனிகள் எப்போதோ மூடிவிட்டன.
ஆனால் சீனி வருத்தம் உங்களைப் போன்றவர்களுக்குக் குறைவாம்
என்றார், மிச்சக் காசுக்கு டொபி தருகிற மாதிரி.

கொட்டாஞ்சேனையில், லிஃப்டில்,
ஏழாம் மாடிப் பொத்தானுக்குக் குடையை உயர்த்தினேன்.
ஒருநாளும் இல்லாமல் அம்மா
நான் அமத்துகிறேன் என்று கையை நீட்டினாள்.
வெறும் மணிக்கட்டு.
குடை வழுக்கி, ஐந்து எரிந்தது.

ஐந்தில் கதவு திறந்தது.
யாரும் ஏறவில்லை.
நாங்களும் இறங்கவில்லை.
கொஞ்ச நேரம்
அது திறந்தே இருந்தது.