கட்டண விவரம்

முதலில் போனது சாமான்களின் பெயர்.
முட்கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு
"அந்தப் புதன்கிழமை எங்கே?" என்றேன்.
ஓவிதியோ சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

புந்தா அரேனாஸில் காற்று முற்றிய நாட்களில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
எனக்கு அது வீட்டுக்குள்ளேயே வேண்டியிருந்தது,
கட்டிலிலிருந்து குளியலறைவரை பதினொரு எட்டு.
வலது கால் எப்போதும் கொஞ்சம் பிந்தியே வந்தது,
கடைத்தெருவுக்கு இழுத்து வந்த பிள்ளை மாதிரி.

காதுக்கு மேலே
இருபத்தேழு கிளிப் போட்டிருந்த இடம் அரிக்கிறது.
சொறியக் கூடாது.
கொட்டாவி விட்டால் மண்டைக்குள் எதுவோ
'டிக்' என்கிறது.
"சகஜம்தான்" என்கிறார் டாக்டர் குஸ்மானிச்.
அவருக்கு எல்லாமே சகஜம்.

இரவு மூன்று மணிக்குப் பசி.
என் பசியல்ல, மாத்திரையின் பசி.
நின்றபடியே ஒரு முழு ரொட்டி, நான்கு முட்டை,
மகன் ஒளித்துவைத்த பிஸ்கட்.
கண்ணாடியில் யாரோ உப்பிய முகத்துக்காரி,
வாயோரம் துகளோடு
என்னைக் குற்றம் சொல்கிறாள்.

சில நாள் கம்பளி கருகும் நாற்றம்.
ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறேன்.
அடுப்பு எரியவே இல்லை.
நாற்றம் வந்தால் எங்கிருந்தாலும்
உட்கார்ந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.
ஒருமுறை மீன்கடை ஈரத்தரையில் உட்கார்ந்தேன்.
நண்டு நிறுத்துக்கொண்டிருந்தவள்
ஒன்றும் கேட்கவில்லை.
கையைத் துடைத்துக்கொண்டு
தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வானிலை அறிக்கைக்கு அழுகிறேன்.
அப்பா சாவுக்கு அழாதவள்.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் ரொமினா
படம் படமாகக் காட்டுகிறாள்.
நாய். தெரியும்.
குரைப்பது, சோபாவில் ஏறுவது,
மழையில் நனைந்தால் நாறுவது.
பெயர் மட்டும் தொண்டைவரை வந்து
கதவைத் தட்டாமலே திரும்பிவிடுகிறது.

அடுத்த படத்தில் என் புருஷன்.
அவனே பக்கத்தில்தான் நிற்கிறான்.
இருபத்திரண்டு வருஷம்.
பார்க்கிறேன், பார்க்கிறேன்.
ஹீட்டர் மட்டும் முனகுகிறது.

அப்போது வாய் தானாகத் திறந்தது:
"நடந்து வருபவர் இரண்டாயிரத்து நூறு.
மோட்டார் சைக்கிள் ஐயாயிரத்து முந்நூறு.
லாரியென்றால் மீட்டர் கணக்கு.
ஆடு ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லவும்.
அடுத்த படகு காற்று தணிந்த பிறகு."

பதினாறு வருஷம் ஜலசந்தித் துறையில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னது.
ஒரு சொல் பிசகவில்லை.
ரொமினா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு
நேர் எதிரே உட்கார்ந்தான்.
சட்டைப்பையைத் துழாவிச்
சில்லறையை மேசையில் வைத்தான்.
"நான் எதில் சேர்த்தி?"

நரைத்த மீசை. காற்றில் சிவந்த காது.
கையில் வண்டிச் சாவி எதுவும் இல்லை.
"நடந்து வருபவர்" என்றேன்.
எண்ணிப் பார்த்தேன். நூறு பெசோ குறைந்தது.
அதையும் சொன்னேன்.

பெயர் பிறகு வந்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை, பல் தேய்க்கும்போது,
வாய் நிறைய நுரையோடு,
அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.