இரண்டு முழம் சாட்டின்

பெலெமில் மழை நேரம் தவறாது.
"மழைக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டுத்தான்
யாரையும் எங்கேயும் சந்திப்போம்.
மூன்று மணிக்கு வரும் மழைக்கு
என் தலைமுடி
இரண்டரைக்கே எழுந்து நின்றுவிடும்.

நான் ஜூசிலேனி. மோட்டோ டாக்சி ஓட்டுகிறேன்.
முடி இடுப்பைத் தொடும் என்பது கணக்கு.
பார்வைக்கு அது
பக்கவாட்டில் வளர்ந்தது.
ஈரக்காற்று பட்டதும் ஒவ்வோர் இழையும்
அடுத்த இழையோடு சண்டை போட்டுக்கொண்டு
தனிக்குடித்தனம் போகும்.
நிறமோ,
ஆற்றில் வருஷக்கணக்காய் ஊறிய
தோணிக் கயிறு.
சிக்னலில் ஹெல்மெட்டைக் கழற்றினால்
பக்கத்து வண்டிக்காரன்
பச்சை விழுந்ததை மறப்பான்.

சந்தையில் அந்திரோபா எண்ணெய் விற்றவள்
மாதாவின் பெயரால் சத்தியம் செய்தாள்.
பூசினேன்.
கொசு அண்டவில்லை, அது உண்மை.
பளபளப்பும் அண்டவில்லை.

ஆளிவிதையைக் கொதிக்கவைத்து, வடிகட்டி,
குளிர்பெட்டியில் கொழகொழவென்று வைத்திருந்தேன்.
துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து வந்த எடெவால்டோ
சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு
"கஞ்சி கொஞ்சம் நீர்த்திருக்கு" என்றான்.
மறுநாள் வயிறு லேசாக இருந்ததாம்.
இப்போது வாரம் ஒருமுறை
கேட்டு வாங்கிக் குடிக்கிறான்.

பிறகு, கண்ணெரியும் அந்த மருந்து.
முப்பது சவாரிக் காசைக் கொடுத்து
சலூன் நாற்காலியில் நாலு மணி நேரம்.
மூன்று வாரம் நான் வேறொருத்தி.
நான்காம் வாரம் வேர்க்காலிலிருந்து
பழையவள் வந்து சேர்ந்தாள்:
மேலே சுருள், கீழே குச்சி,
நடுவில் யாருமில்லை.

"வெட்டித் தொலையேன்" என்றாள் தங்கை.
வெட்டலாம்தான்.
மார்ச் மாதம் லாரி உரசி
நடைமேடையில் பிடரி அடிக்க விழுந்தபோது
மயிரிழையில் தப்பினாய் என்றார்கள் எல்லோரும்.
ஒரு இழையா?
கொண்டை முழுக்கத் தாங்கியது என்றேன்.
மருத்துவர் சிரித்தார்,
ஹெல்மெட் தாங்கியது என்றார்.
இருக்கட்டும். நான் வெட்டவில்லை.

ஒஸ்மரீனோ என் ஆறு மணிச் சவாரி.
குவாமா பக்கம் ஒரு பட்டறையில்
சவப்பெட்டிகளுக்கு உள்துணி தைக்கிறவர்.
அன்றைக்கு இறங்கிக் காசு கொடுத்தவர்
என் ஹெல்மெட்டை வாங்கிப் புரட்டி
உள்ளே விரலை ஓட்டினார்.
சொரசொரத்த பஞ்சு. அதில்
அறுந்து சுற்றிக் கிடந்தது என் முடி,
ஒரு குருவிக்கூடு அளவுக்கு.
"முடியைப் பற்றி எனக்கென்ன தெரியும்"
என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.
"உள்துணி தெரியும்."

மறுநாள் சாட்டின் கொண்டுவந்தார்.
வெளிர்நீலம், இரண்டு முழம், மிச்சத் துணி.
தயங்கினேன்.
"இதில் தலைவைத்தவர் ஒருவர்கூட
சிக்கு விழுந்ததென்று
இதுவரை புகார் சொன்னதில்லை" என்றார்.

தைத்தேன்.
அப்புறம் மற்றவை தாமாக வந்து ஒட்டிக்கொண்டன.
தேய்த்துத் துவட்டுவதை விட்டேன்;
எடெவால்டோவின் நைந்த பனியனில்
சுருட்டி வைத்தால் போதுமாக இருந்தது.
காய்ந்த தலையில் சீப்பு வைப்பதில்லை,
ஈரத்தில் விரல்தான் சீப்பு.
ஞாயிறு மட்டும் ஷாம்பு.
முருமுரு வெண்ணெய் ஒரு கடலையளவு,
நுனிக்கு மட்டும்.
சில நாள் சோம்பலில் எதுவுமில்லை,
தளரப் பின்னி, நீலத்துக்குள் செருகிக்கொண்டு
வண்டியை உதைத்துவிடுவேன்.

ஆறாவது வாரமோ ஏழாவதோ,
பெட்ரோல் பங்கில் பக்கக் கண்ணாடியில்
என் தோளருகே ஒரு வெள்ளைக் கீற்று.
கறை என்று துடைத்தேன்.
போகவில்லை.
தலையைத் திருப்பினேன்,
கூடவே திரும்பியது.

மழை அன்றும் மூன்று மணிக்கு வந்தது.
முடியும் கொஞ்சம் எழுந்து பார்த்தது, பொய் சொல்வானேன்.

துணி எப்படி மிஞ்சியது என்று
ஒஸ்மரீனோவிடம் கேட்டுவிட்டேன் ஒருநாள்.
"அளவெடுத்தது ஆறடிப் பெட்டிக்கு.
வந்தவர் குள்ளம்" என்றார்.
யாரென்று கேட்கவில்லை.
அந்தத் தெரு முனையில் மட்டும்
கொஞ்சம் மெதுவாகத் திரும்புகிறேன்.